கந்தோர்க் கடிதம் சிங்களத்தில் வந்தால்: அரசியலமைப்பை எப்படிப் பாவிப்பது

திருகோணமலையில் அம்மாவுக்குக் காணி விஷயமாக ஒரு அரச கந்தோரிலிருந்து கடிதம் வந்தது, முழுக்கச் சிங்களம். பக்கத்து ஒழுங்கைப் பெடியனைப் பிடித்து வாசிப்பித்த பிறகுதான் இரண்டு கிழமைக்குள் பதில் போட வேண்டும் என்று தெரிந்தது, அதில் ஒன்பது நாள் ஏற்கெனவே போய்விட்டது. அன்றைக்குத்தான் நான் இலங்கை அரசியலமைப்பை முதன்முதலாகத் திறந்தேன். மேடைப் பேச்சில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன சொல். ஆனால் கையில் ஒரு பிரச்சினையோடு திறந்தால் அது வேறு புத்தகம்.

முதலில் பிரதி எடுங்கள். பாராளுமன்ற இணையத்தளத்தில் தமிழிலேயே இருக்கிறது. 1978இல் வந்த யாப்பு 2022க்குள் 21ஆம் திருத்தம் வரை வந்துவிட்டது, ஆகவே யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய பிரதியை நம்ப வேண்டாம். தொடக்கத்திலிருந்து வாசித்தால் தூக்கம்தான் வரும், நேரே 3ஆம் உறுப்புரைக்குப் போங்கள்: இறைமை மக்களிடம் இருக்கிறது. ஜனாதிபதியும் பாராளுமன்றமும் நீதிமன்றமும் எங்களுடைய அதிகாரத்தைத்தான் பாவிக்கின்றன, எதுவரை பாவிக்கலாம் என்ற எல்லையும் இதே புத்தகத்தில்தான். "மேலிடத்துச் சுற்றுநிருபம் அப்படி" என்று கவுண்டரில் சொன்னால் நினைவில் வைத்திருங்கள், சுற்றுநிருபத்துக்கு மேலே சட்டம், சட்டத்துக்கு மேலே யாப்பு. (இதில் ஒரு ஓட்டை உண்டு. 80(3)இன்படி, சபாநாயகர் கையெழுத்து வைத்த சட்டம் செல்லுமா என்று பிறகு எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது, நிறைவேறுமுன் சட்டமூலமாக (வரைவாக) இருக்கும்போதே பிடித்தால்தான் உண்டு. இந்தியாவில் அப்படியில்லை.)

அப்புறம் நான்காம் அத்தியாயம், மொழி. தமிழும் அரசகரும மொழி என்பது 1987இல் 13ஆம் திருத்தத்தோடு 18ஆம் உறுப்புரைக்குள் வந்தது. எங்களுக்கு வேண்டியது 22: வடக்கு, கிழக்கில் அரச நிறுவனங்கள் ஆவணம் பேணுவதும் அலுவல் பார்ப்பதும் தமிழில். திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாயில் இருக்கும் சிங்களவர் தன் மொழியில் பதில் கேட்கும் உரிமையும் அதே உறுப்புரையில்தான் இருக்கிறது, ஆகவே நாங்கள் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. 12(2) மொழி காரணமாகப் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது.

இனிக் கடிதம். நீட்டி எழுத வேண்டாம். கடித இலக்கம், திகதி, "அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி இதைத் தமிழில் தரவும், அது கிடைத்த நாளிலிருந்து பதிலுக்கான காலத்தைக் கணக்கிடவும்", கையொப்பம். பதிவுத் தபாலில் போடுங்கள், நேரில் கொடுத்தால் போட்டோக்கொப்பியில் சீல் வாங்குங்கள். ஆனால் காலம் நீட்டித் தந்தார்கள் என்று எழுத்தில் வரும்வரை பழைய திகதிக்குள் ஒரு சின்னப் பதிலாவது போட்டுவிடுங்கள், நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

அசையாவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம். அடிப்படை உரிமை மீறல் என்றால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் (நாட்டின் அதியுயர் நீதிமன்றம்), ஒரு மாதத்துக்குள். கொழும்புக்குப் போக வேண்டும், சட்டத்தரணிக்குக் காசு வேண்டும், எல்லோராலும் முடியாது. அதனால் அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள், அவர்களுடைய விசாரணை நடக்கும் காலம் மாதக் கணக்கில் சேராது. இதெல்லாம் அரச நடவடிக்கைக்கு எதிராக மட்டும், தனியார் கடைக்காரரோடு சண்டை என்றால் இந்த வழி சரிவராது.

எழுதியிருப்பதெல்லாம் தானாக நடக்காது என்பதற்குத் திருகோணமலையே சாட்சி. கிழக்கு மாகாண சபை இங்கேதான், அதுவும் 13ஆம் திருத்தம் தந்ததுதான், 2017இல் காலம் முடிந்தபின் தேர்தல் இல்லாமல் ஆளுநர் கையில் போனது.

அம்மாவுக்குத் தமிழ்க் கடிதம் மூன்றாவது கிழமை வந்தது. எழுத்துப் பிழை நிறைய, காணி இலக்கம் வேறு பிழை, அதற்கு இப்போது இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.