குஸ்தார் வினை சரிவந்தது இப்படித்தான்

20 வருடத்துக்குப் பிறகு திரும்பவும் கல்லூரி, பாடம் ஸ்பானிய மொழி. 'பிடிக்கும்' என்ற பொருள் தரும் குஸ்தார் வினையிலேயே நாலு நாள் வீணாய்ப் போனது. 'நான் கடலை விரும்புகிறேன்' என்ற நினைப்பில் 'யோ குஸ்தோ எல் மார்' என்று எழுதினால் ஒவ்வொரு தடவையும் சிவப்புக் கோடு.

வினைத்திரிபு அட்டவணையைப் பாடமாக்கிப் பார்த்தேன். திரிபு சரி, வாக்கியம் பிழை. ஆங்கில விளக்கம் இன்னும் குழப்பியது. ஆங்கிலத்தில் விரும்புகிற ஆள் எழுவாய். ஸ்பானியத்தில் பிடித்த பொருளே எழுவாய். தமிழிலும் அப்படித்தான்!

ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலிருந்து நேரே மாற்றியதும் சரிவந்தது. எனக்கு என்றால் மே, உனக்கு தே, அவருக்கு லே, எங்களுக்கு நொஸ், அவர்களுக்கு லெஸ். எனக்குக் கடல் பிடிக்கும்: மே குஸ்தா எல் மார்.

தமிழர் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. திருகோணமலைக் கோட்டைக்குள் மேய்கிற மான் ஒன்றோ பத்தோ, எங்களுக்குப் 'பிடிக்கும்' மாறாது. ஸ்பானியத்தில் பன்மை வந்தால் வினையும் மாறும்: மே குஸ்தான் லொஸ் சியெர்வொஸ். கடைசி 'ன்' விடுபட்டால் பிழை. அடுத்தது, 'அம்மாவுக்கு' என்று ஆளைச் சொன்ன பிறகும் 'லே' வரவேண்டும்: ஆ மி மாத்ரே லே குஸ்தா எல் மார்.

'வலிக்குது' என்பதற்கும் இதே அச்சுத்தான். 'எனக்குத் தலை வலிக்குது' என்போம், 'என் தலை' என்பதில்லை. அங்கும் 'என்' என்ற பொருள் தரும் 'மி' வராது: மே துவேலே லா கபேசா. கையில் 50 ரூபா குறைந்தால், மே ஃபால்தான் சிங்குவென்தா ரூபியாஸ்.