விளம்பரத்தை நம்பி இலவச கேம் இறக்குவோர் செய்யும் தவறுகள்

ஒரு ஆள் நடுவில் நிற்கிறான். மேலே தீக்குழம்பு, பக்கத்தில் தண்ணீர், குறுக்கே இரண்டு ஊசிகள். திரையில் வரும் கை தப்பான ஊசியை உருவ, அவன் கருகிப் போகிறான். ‘அடடா, அடுத்த ஊசியை அல்லவா இழுத்திருக்கணும்’ என்று நமக்குக் கை துறுதுறுக்கும். அந்தத் துறுதுறுப்பைக் கிளப்பத்தான் அந்த வீடியோவே. இன்ஸ்டால் செய்து திறந்தால், ஒரே நிறக் கட்டங்களை மூன்று மூன்றாகச் சேர்க்கும் வேறொரு கேம் இருக்கும்.

ஒரு இன்ஸ்டாலுக்கு எவ்வளவு விளம்பரச் செலவு ஆகிறது என்பதுதான் இங்கே கணக்கு. கேம் நிறுவனங்கள் பல வீடியோக்களை ஒரே சமயத்தில் ஓடவிட்டு, எதில் செலவு குறைகிறதோ அதையே பெருக்குவார்கள். 2020இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம், ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் கேம்களின் இத்தகைய விளம்பரங்கள் உண்மையான ஆட்டத்தைக் காட்டவில்லை என்று தடுத்தது. விளம்பரப் புதிரையே துணை விளையாட்டாக எங்கோ சில லெவல்களுக்கு ஒருமுறை சொருகிவிடுவதும் உண்டு. பெயருக்கு அது கேமில் இருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே முதல் தவறு, விளம்பரத்தில் இருக்கும் பட்டனைத் தட்டி நேராக இன்ஸ்டால் செய்வது. விளம்பரத்துக்குள்ளேயே விளையாடிப் பார்க்கச் சொன்னாலும் ஏமாற வேண்டாம். அது தனியாகச் செய்த சின்ன மாதிரி, கேமின் துண்டு என்று நினைக்காதீர்கள். கேமின் பெயரை யூடியூபில் தேடி, சாதாரண ஆட்டக்காரர் பதிவுசெய்த வீடியோவில் ஐம்பதாவது லெவல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முதல் பத்து லெவல்கள் எல்லா கேமிலும் இனிக்கும்.

மொத்த நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது அடுத்தது. ‘மதிப்பிடுங்கள்’ என்ற பெட்டியைப் பெரும்பாலும் நாம் ஜெயித்து மகிழ்ந்திருக்கும் நொடியில்தான் நீட்டுவார்கள். விமர்சனங்களைப் புதியவை முதலில் வரும்படி அடுக்கி, இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படியுங்கள். எந்த லெவலில் ஆட்டம் முட்டுகிறது, எத்தனை விளம்பரம் வருகிறது என்பதையெல்லாம் அவர்கள்தான் எழுதுவார்கள்.

இடையில் வரும் முழுத்திரை விளம்பரத்தைச் சகித்துக்கொள்வதும் தவறுதான். பரிசுக்காக நாமே விரும்பிப் பார்ப்பதைத் தவிர, மற்ற முழுத்திரை விளம்பரங்களை 15 விநாடிக்குப் பிறகாவது மூட முடிய வேண்டும் என்பது கூகுள் பிளேயின் விதி. மூட முடியாவிட்டால் பிளே ஸ்டோரில் அந்த கேமின் பக்கத்துக்குப் போய், மூன்று புள்ளி மெனுவில் புகார் செய்யுங்கள்.

பணம்தான் பெரிய குழி. இன்ஸ்டாலுக்கு முன்பே ஸ்டோர் பக்கத்தில் ‘செயலிக்குள் வாங்குபவை’ விலை வரம்பைப் பாருங்கள். அதன் மேல்முனை மிக உயரமாக இருந்தால், ஆட்டம் அந்த விலையை நோக்கித்தான் தள்ளும். கேமுக்குள் காசு போலச் செல்லும் ரத்தினங்களை நிஜப் பணத்துக்குப் பொதிகளாக விற்பார்கள். ஒரு பொருள் 120 ரத்தினம், பொதி 100 ரத்தினம் என்று வைத்திருந்தால் அது தற்செயல் இல்லை: இரண்டு பொதி வாங்கி, 80 மிஞ்சி, அதைச் செலவழிக்க மீண்டும் வாங்குவீர்கள். உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டி என்றால் எது கிடைக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று தேடுங்கள். ஆப்பிள் இதை 2017 டிசம்பரிலேயே கட்டாயமாக்கியது. ‘விளம்பரம் நீக்கு’ என்று பணம் கட்டினாலும், பல கேம்களில் இடையில் வருபவை மட்டுமே போகும். பரிசு விளம்பரங்கள் அப்படியே இருக்கும். எதெது போகும் என்று படித்த பிறகு கட்டுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் வாரச் சந்தா. மூன்று நாள் இலவசம் என்று தொடங்கி, பிடிக்காமல் கேமை அழித்துவிடுவார்கள். அழித்தால் சந்தா நிற்காது, வாரம் தவறாமல் பணம் போகும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரின் சுயவிவரப் படத்தைத் தட்டி ‘பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதியில் ரத்து செய்யுங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தட்டினால் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ வரும். இலவசக் காலம் முடிய ஒரு நாளாவது இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

ஏமாந்து வாங்கிவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்டால் கூகுளே பரிசீலிக்கும். அதைத் தாண்டினால் கேமைச் செய்தவர்களிடம்தான் பெரும்பாலும் அனுப்புவார்கள்.