கிணற்று வெள்ளம் கறுத்த கதை

குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்கள் வீடு. இங்கே தண்ணீரை 'வெள்ளம்' என்போம். ஆனி மழை கழிந்ததும் பிள்ளைகளுக்கு மாறி மாறி வயிற்றுப்போக்கு. "ஒங்க பாட்டா காலத்துலேருந்து குடிக்குற வெள்ளம், மக்களே" என்று அம்மா கிணற்றைச் சந்தேகிக்கவே விடவில்லை. டி.டி.எஸ். மீட்டரில் 110 காட்டியது. நிம்மதியானேன். அங்கேதான் தப்பு: அது கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியை அல்ல.

பிறகு ஹைட்ரஜன் சல்பைடு சோதனைப் பாட்டிலில் கோடுவரை ஊற்றி வைத்தேன். தண்ணீர் கறுத்தால் மலக்கிருமி கலந்திருக்கலாம் என்று அர்த்தம். மறுநாள் மைபோலக் கறுத்துக் கிடந்தது! ஆய்வகம் தந்த கிருமிநீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸில் வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். 100 மில்லி லிட்டர் குடிநீரில் ஈ.கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது, எங்களதில் இருந்தது.

கழிவுத்தொட்டி கிணற்றிலிருந்து ஆறே மீட்டர். உறையிலும் விரிசல். விரிசலைப் பூசினோம், தொட்டியைத் தள்ளிக் கட்டியதில்தான் பணம் கரைந்தது.

கடைசியாகப் பிளீச்சிங் பவுடர். வட்டக் கிணறு, 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் என்றால் சுமார் 9,400 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில் 24 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் தொடவில்லை. மறுசோதனை முடிவு வரும்வரை கொதிக்கவைத்தே குடித்தோம். இம்முறை பாட்டில் கறுக்கவில்லை, ஈ.கோலையும் இல்லை. அம்மாவுக்குக் குளோரின் வாடைதான் இன்னும் பிடிக்கவில்லை.