வாத்துப் படங்கள் ஏன் மசமசவென்று வந்தன?

அரியலூர் பக்கத்துக் கரைவெட்டி ஏரியில் எடுத்த ஊசிவால் வாத்து, நீலச்சிறகி படங்கள் எல்லாம் மசமசவென்று வந்தன. ஃபோகஸ் புள்ளி என்னவோ சரியாகக் கண்ணின் மேல்தான். கை, பறவை அசைவாக இருக்குமோ என்று ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்கு ஏற்றினேன். முக்காலியில் வைத்துப் பார்த்தேன். சர்வீஸ் கடையில் லென்ஸ் நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மொட்டை மாடியில் செய்தித்தாளை ஒட்டி எடுத்தால் எழுத்து அவ்வளவு துல்லியம்!

துப்பு கிடைத்தது தொடர் படங்களில். அடுத்தடுத்த ஃபிரேம்களை 100 சதவீதத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தபோது, ஒரே வாத்தின் அலகு ஒன்றில் நேராகவும் அடுத்ததில் நெளிந்தும் இருந்தது. பின்னால் நின்ற நாணல் தண்டும் அப்படியே. ஃபோகஸ் பிசகினால் மங்கும், நெளியாது. ஆக, வெப்பக் காற்றின் அலை. சூடு மாறுபட்ட காற்று ஒளியை வளைக்கிறது.

சரி, வெயில் ஏறாத காலையிலுமா? அங்கேதான் விஷயம். ஏசி காரிலிருந்து எடுத்த குளிர்ந்த லென்ஸின் ஹூடுக்குள்ளேயே (லென்ஸ் முனையில் மாட்டும் குழல் போன்ற மறைப்பு) சூடு மாறுபட்ட காற்று சுழல்கிறது. கண்ணாடியில் ஆவி படியாததால் யாருக்கும் சந்தேகம் வராது.

இப்போது கேமரா பையை ஏசி படாத டிக்கியில் வைக்கிறேன். இறங்கியதும் ஹூடைக் கழற்றி அரை மணி நேரம் நிழலில் விடுகிறேன். வெயில் ஏறுவதற்குள், கரைக்கு அருகே வருபவற்றை மட்டும் படம், அப்புறம் பைனாகுலர்தான். தட்டைவாயன் வாத்தின் அலகோரச் சீப்புப் பற்கள்கூட எண்ணுகிற மாதிரி விழுந்தன. தூரத்து வாத்துக்கு டெலிகன்வெர்ட்டர் (படத்தைப் பெரிதாக்க லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டுவது) வாங்க நினைப்பவர்கள் பொறுங்கள்; அது நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கும்.