முன்பணம் கொடுப்பதற்கு முன்: மனை வாங்குவோர் செய்யும் தவறுகள்

மதுரையில் வீடு, மனைத் தரகு செய்யும் என்னிடம் வருகிறவர்கள், சென்ட்டுக்கு இருபதாயிரம் குறைப்பதற்காக மூன்று வாரம் பேசுகிறார்கள். ஆனால் பத்திரங்களைப் படித்துப் பார்க்க வழக்கறிஞருக்கு மூன்று நாள் கொடுக்கத் தயங்குகிறார்கள். கிரயம் முடிந்தால்தான் தரகருக்குக் கமிஷன் என்பதால், "இன்றைக்கே அட்வான்ஸ் போடாவிட்டால் வேறு ஆள் முடித்துவிடுவார்" என்ற அவசரத்தை எங்கள் தொழிலில் இருப்பவர்களே உண்டாக்குவதும் உண்டு. அந்த அவசரத்தில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு ஆவணம் கேட்பதுதான் நான் அடிக்கடி காணும் தவறு.

அடுத்தது, வில்லங்கச் சான்றை மட்டும் நம்புவது. அது பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். உரிமையாளர் இறந்த பின் சொத்து யார் யாருக்குப் போனது என்பது அதில் வராது. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வீட்டுக்கு 5 லட்சம் முன்பணம் கொடுத்த பிறகு, துபாயில் பல ஆண்டு உழைத்துத் திரும்பிய ஒருவர் காகிதங்களை என்னிடம் கொண்டுவந்தார். வில்லங்கச் சான்றில் இருந்தது ஒரே பதிவு: 1994இல் விற்பவரின் தந்தை வாங்கிய கிரயம். பத்திரம் தந்தை பெயரில், பட்டா மகன் பெயரில்; இடையே பாகப்பிரிவினையோ, மற்ற வாரிசுகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ இல்லை. பட்டா வருவாய்த் துறையின் பதிவே தவிர, அது மட்டுமே உரிமைக்கு ஆதாரமாகிவிடாது. வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கினேன். தாய், மகன், இரண்டு மகள்கள் என நான்கு பெயர்கள் இருந்தன. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சுயசம்பாத்தியச் சொத்தில் இந்த நால்வருக்கும் சம பங்கு என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். "தங்கச்சிகளுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு, அவங்க கேட்க மாட்டாங்க" என்றார் விற்பவர். சீர் செய்ததால் பங்கு தீர்ந்துவிடாது. இளைய தங்கை கையெழுத்திட மறுத்தார். பேரம் அத்துடன் நின்றது.

விற்பவர், உரிமையாளர் எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரத்தை (பவர்) வைத்து விற்கும் பவர் ஏஜென்டாக இருந்தால், பவர் எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை நேரில் போய் உறுதி செய்யுங்கள்; அவர் இறந்துவிட்டால் பவரும் பொதுவாக முடிந்துவிடும். புதிய மனைப்பிரிவு என்றால் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பேச்சில் மயங்க வேண்டாம். மனைப்பிரிவு வரைபடத்துக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி தேவை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் வரும் புதிய திட்டம், வீடு-மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும்; அதில் விற்றுக்கொடுக்கும் தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதால், எங்கள் பதிவு எண்ணையும் தயங்காமல் கேளுங்கள்.

இடத்தை அளக்காமல் வாங்குவதும் பெரிய தவறு. நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடமான புலப்படத்தை வைத்து, சர்வேயரைக் கொண்டு கல்லுக்குக் கல் அளக்க வேண்டும். 60 அடி நீள எல்லையில் பக்கத்து வீட்டுச் சுவர் இரண்டடி உள்ளே வந்திருந்தால் 120 சதுர அடி போய்விடும். அது கால் சென்ட்டுக்கும் கூடுதல்; மூன்று வாரம் பேசிக் குறைத்த தொகை அதிலேயே போய்விடக்கூடும்.

இத்தனையும் சரியாக இருந்த பிறகு கொடுக்கும் முன்பணத்தையும் வங்கி வழியாகவே கொடுங்கள். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, உரிமையில் குறை தெரிந்தால் எத்தனை நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும் என்பதை அதில் எழுத வேண்டும். துபாயிலிருந்து திரும்பியவரிடம் இருந்தது வெள்ளைத்தாளில் எழுதிய ரசீது ஒன்றுதான். கெடு எதுவும் அதில் இல்லாததால், அந்த 5 லட்சத்தைத் திரும்ப வாங்க அவருக்கு எட்டு மாதம் ஆயிற்று.