உள்ளூர் சேனல் செய்தி வாசிப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாவட்ட கேபிள் சேனல்களில் புதிதாகச் சேர்பவர்கள் மேக்கப், புடவை, கோட்டு பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். வாசிப்பு தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. ஸ்கிரிப்ட்டைக் கண்ணால் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு கேமரா முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். கண் எதையும் தாண்டிப் போகும். நாக்கு அப்படிப் போகாது.

"அரசுப் பள்ளி சத்துணவில் பல்லி." இந்த வரியை வேகமாக மூன்று முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மூன்றாவது முறை சத்துணவில் பள்ளி விழுந்திருக்கும். ல-வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொட்டால் போதும். ள-வுக்கு நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொட வேண்டும். ழ-வுக்கும் வளையும், ஆனால் தொடாமல் நிற்கும். வாழப்பாடி, சோழவந்தான் என்று ஊர்ப்பெயர் வரும் நாளில் அந்த வரியை மட்டுமாவது ஐந்து முறை சொல்லிவிட்டு உள்ளே போங்கள். மற்ற பிழைகளைப் பொறுத்துக்கொள்பவர்கூட தன் ஊர்ப்பெயரைக் கொன்றால் விடமாட்டார்.

அடுத்த கண்ணி, எண்கள். 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், 9,000 ஒன்பதாயிரம். நேரலையில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். வாசிக்க வேண்டிய வரிகள் கேமரா முன் ஓடும் திரையான பிராம்ப்டரில் 1,09,900 என்று வந்தால் வாய் ஒரு நொடி நின்றுவிடும். "ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்" என்று எழுத்தாலேயே அடித்துத் தரும்படி, ஸ்கிரிப்ட் எழுதும் டெஸ்க்கில் கேளுங்கள். 4.5 கோடி என்பதை நான்கரைக் கோடி என்று மாற்றிவிடுங்கள்.

பிராம்ப்டரைத் துரத்தக் கூடாது. அதை ஓட்டுபவர் உங்கள் குரலைப் பின்பற்றித்தான் ஓட்டுகிறார். நீங்கள் வேகமெடுத்தால் அவரும் வேகமெடுப்பார். பிறகு இருவரும் நிற்க முடியாது. நிமிடத்துக்கு 150 சொல் என்பது ஆங்கிலத்துக்குச் சொல்லும் கணக்கு. தமிழ்ச் சொல் நீளம், அந்தக் கணக்கில் வாசித்தால் மூச்சு வாங்கும். கையில் தாள் கட்டாயம் இருக்கட்டும். ஒவ்வொரு செய்தி முடியும்போதும் ஒரு தாளைத் தள்ளி வைத்துக்கொண்டே வந்தால்தான் பிராம்ப்டர் உறைந்து நிற்கும்போது சரியான இடம் கண்ணில் படும்.

பின்னணிக் காட்சியை ஒட்டுவதற்கான பச்சைத் திரை முன் பச்சைப் புடவை வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். பச்சை பார்டரை மறந்துவிடுவார்கள். பார்டர் இருக்கும் இடத்தில் பின்னணிக் காட்சி தெரியும். நெருக்கமான கோடு, பொடிக்கட்டம் போட்ட சட்டை திரையில் நெளியும். காலர் மைக் முகவாயிலிருந்து 6 முதல் 8 அங்குலம் கீழே இருக்கட்டும். தாலிச்சங்கிலி அதில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வணக்கம் சொன்ன கையோடு கண்ணைத் தாழ்த்துவதும், மைக் இன்னும் திறந்திருக்கும்போதே பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதும் பலரை வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டிருக்கின்றன. 'கட்' என்று காதில் விழும்வரை கேமராவையே பாருங்கள்.

வேலைக்கே உலை வைக்கும் தவறு ஒன்று உண்டு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது. பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு பெயரோடு நிற்பதில்லை. முகவரி, குடும்ப விவரம், பள்ளி, குடியிருக்கும் பகுதி எதையும் சொல்லக் கூடாது என்கிறது. பெரிய சேனலில் பெயரை மறைத்தால் ஆள் தெரியாமல் போகலாம். உள்ளூரில் "பஸ் ஸ்டாண்டு பின்புறத் தெருவில் டீக்கடை நடத்துபவரின் மகள்" என்றாலே முடிந்தது கதை. அப்படி ஒரு வரி ஸ்கிரிப்ட்டில் இருந்தால் வாசிக்க மறுத்துவிடுங்கள். எழுதியது டெஸ்க் என்றாலும் ஒலித்தது உங்கள் குரல்.

முகம் தெரிய ஆரம்பித்ததும் கடைத் திறப்பு, காதணி விழா என்று அழைப்பு வரும். போகலாம், சேனலில் சொல்லிவிட்டு. கட்சி மேடையில் தொகுத்து வழங்க மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மறுநாள் அந்தக் கட்சியின் செய்தியை நீங்கள் வாசித்து முடிப்பதற்குள் உங்கள் மேடைப் படத்தோடு நிர்வாகத்துக்குப் புகார் போயிருக்கும்.