தொடை இடுக்கில் வீக்கமா? கத்தியை எடுக்கும் முன்

வார்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், தொடை இடுக்கு வீக்கத்தில் போன வருடம் வந்தவர்கள் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். முன்னவர்களும் அப்படித்தான் பட்டுத் தெளிந்தோம்.

அந்த வீக்கம் தமனியிலிருந்தே வந்ததாக இருக்கலாம்: தமனிச் சுவரில் ஓட்டை விழுந்து ரத்தம் வெளியேறும். சுற்றியுள்ள திசு அதைப் பைபோல அடக்கி வைக்கும். தமனிக்குரிய மூன்று அடுக்குச் சுவர் அந்தப் பைக்குக் கிடையாது என்பதால்தான் போலி வீக்கம், அதாவது சூடோஅனியூரிசம். ஆஞ்சியோகிராமுக்குத் தொடைத் தமனியில் குத்துவதே முதல் காரணம். கத்திக்குத்து, எலும்பு முறிவு, எலும்பில் போட்ட ஸ்க்ரூவின் முனை, பைபாஸ் தையல் விட்டுப்போவது, கிருமித்தொற்று ஆகியவை அடுத்தவை.

சீழ்க்கட்டி என்று கீறுவது

எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் நிற்பதில்லை. தோல் சிவந்து, சூடாக, தொட்டால் வலிக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது. உடனே பிளேடு. பைக்குள் ரத்தக்கட்டி அடுக்கடுக்காகப் படிந்திருந்தால் துடிப்பு கைக்குத் தெரியாது. 'துடிக்கவில்லையே' என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. ஊசி போட்டு உறிஞ்சிப் பார்ப்பதும் சோதனை ஆகாது.

சமீபத்தில் அந்த இடத்தில் ஊசி ஏறியதா, போதை ஊசிப் பழக்கம் உண்டா என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் கலர் டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் ஸ்கேன், வைக்காமல் கத்தி கூடாது. திரையில் பையின் ஒரு பாதி சிவப்பு, மறுபாதி நீலம் என்று ரத்தம் சுழல்வது தெரியும். பையையும் தமனியையும் இணைக்கும் ஒடுங்கிய 'கழுத்தில்' கர்சரை வைத்தால் அலை ஒருமுறை உள்ளே, ஒருமுறை வெளியே என்று போய்வரும். ஐந்து நிமிட வேலை.

கீறியாகிவிட்டதா? ரத்தம் பீறிடும் புள்ளியில் விரலை வைத்து அழுத்துங்கள், எடுக்காதீர்கள். கண்மூடித்தனமாகக் கிளாம்ப் போட்டால், ஒட்டியே ஓடும் சிரையும் நரம்பும் நசுங்கும். ரத்தநாள அறுவை நிபுணர் வந்து, இடுப்புத் தசைநாருக்கு மேலே தமனியைப் பிடித்த பிறகே விரல் நகரலாம். தொற்று இருந்தால் திராம்பினும் (பைக்குள் ரத்தத்தை உறைய வைக்கும் ஊசி மருந்து) வேண்டாம், ஸ்டென்டும் (தமனிக்குள் வைக்கும் குழாய்) வேண்டாம். கெட்ட திசுவை வெட்டி எடுத்தாக வேண்டும்.

தோல் ஓட்டையை அழுத்துவது

ஆஞ்சியோகிராமுக்குக் குத்தும் ஊசி சாய்வாக மேல்நோக்கிப் போகிறது. தமனியின் ஓட்டை தோல் ஓட்டைக்கு ஏறத்தாழ 2 செ.மீ. மேலே. குழாயை எடுத்ததும் அழுத்தம் அங்கே, 15 முதல் 20 நிமிடம். நடுவில் எட்டிப் பார்க்கக் கூடாது.

மடிப்பை நம்பிக் குத்துவது

பருமனானவர்களுக்குத் தோல் மடிப்பு கீழே தொங்கும். தாழ்வாகக் குத்தினால் பின்னால் அழுத்திப் பிடிக்க எலும்பு இல்லை; ரொம்ப மேலே போனால் வயிற்றின் பின்புறம் ரத்தம் தேங்கும். தொடை எலும்பின் தலைக்கு நேர் மேலே, அல்ட்ராசவுண்ட் பார்த்துக் குத்துங்கள்.

சின்னதற்கும் ஊசி

2 செ.மீ.க்குக் கீழே, வலியில்லை, ரத்தம் உறையாத மருந்தும் இல்லை என்றால், காத்திருந்து மறுபடி ஸ்கேன் எடுங்கள். பல தாமாகவே அடைபடும்.

திராம்பினில் அவசரம்

மில்லிக்கு 1000 யூனிட் கரைசல், 1 மில்லி சிரிஞ்சு. முனை பையின் நடுவில், கழுத்தை விட்டுத் தள்ளி இருக்கட்டும். ரத்தத்தை உறிஞ்சிச் சரிபார்த்தால் சிரிஞ்சிலேயே உறைந்துவிடும். 0.1 மில்லி வீதம் செலுத்துங்கள். டாப்ளர் திரையில் நிறம் மறைந்ததும் நிறுத்துங்கள். பெரும்பாலும் 1 மில்லிகூடத் தேவைப்படாது. கழுத்து அகலமாக இருந்தாலோ, பக்கத்துச் சிரையோடு இணைப்பு இருந்தாலோ இந்த வழி ஆகாது: முன்னதில் மருந்து தமனிக்குள் இறங்கிக் காலை அடைத்துவிடும், பின்னதில் சிரைக்குள் போய்விடும். பாதத் துடிப்பை ஊசிக்கு முன்னும் பின்னும் எழுதி வையுங்கள், மறுநாள் டாப்ளர்.

தொடை இடுக்கில் ஸ்டென்ட்

மடங்கும் இடம். உடையும்.

அறுவையைத் தள்ளிப்போடுவது

வேகமாகப் பெருத்தால், தோல் கறுத்தால், கால் மரத்தால் அன்றே.